மழைக்கு முன் ஏழு வாளி தண்ணீர்

வீட்டிலுள்ள சாமான்களில் அனேகமானவை அன்றாடம் உழைப்பவை. அடுப்பு பழுதானால் காலைத் தேநீருக்கு முன்பே தெரிந்துவிடும். மின்விசிறி நின்றால் அன்று பகலே தெரிந்துவிடும். ஆனால் முற்றத்துக் குழிக்குள் கிடக்கும் மோட்டர் மட்டும் மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கும். அது வேலை செய்யுமா, செய்யாதா என்பது வாசற்படியில் தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் தெரியவரும். அந்த நேரத்தில் தெரிந்து பயனொன்றுமில்லை. கடைகள் பூட்டியிருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்.

இந்த மோட்டரைப் பற்றித்தான் சகோதரிகளோடு இம்முறை கதைக்க விரும்புகிறேன். மத்ரஸாவில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு மோட்டரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வெல்லம்பிட்டிப் பக்கம் பதினைந்து வருடத்துக்கு மேல் குடியிருப்பவன் இந்தப் பாடத்தை விரும்பியோ விரும்பாமலோ படித்தே ஆகவேண்டும்.

பள்ளத்தில் நிற்கும் வீடுகள்

நாங்கள் குடிவந்த காலத்தில் ஒழுங்கையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு படி ஏற வேண்டும். பின்னர் பாதைக்குக் கொங்கிறீட் போட்டார்கள். அதற்கு மேல் இன்னொரு தடவை போட்டார்கள். பாதை உயர்ந்தது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது கேற்றைத் திறந்தால் முற்றத்துக்கு ஒரு படி இறங்க வேண்டும். கொழும்பைச் சுற்றியுள்ள தாழ்ந்த பகுதிகளில் இப்படி எத்தனையோ வீடுகள். ஒரு காலத்தில் வயலாகவும் சதுப்பு நிலமாகவும் இருந்து மழைநீரைத் தாங்கிக்கொண்ட நிலங்களில்தான் இன்று நாம் குடியிருக்கிறோம். நீருக்கு அந்தப் பழைய ஞாபகம் போகவில்லை.

1992 ஜூன் மாதத்தில் கொழும்பில் ஒரே நாளுக்குள் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. 2010 நவம்பரில் ஓர் இரவு மழையில் பாராளுமன்றத்தைச் சுற்றியும் வெள்ளம் நின்றது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து எங்கள் பகுதியே நீருக்குள் போனது. அந்த வருடம் ரமழான் ஜூன் முதற் பகுதியில் பிறந்தது. சுவரில் படிந்த சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் நோன்பு வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் களனி மறுபடியும் கரை மீறியது.

ஆனால் பேப்பரில் வரும் இந்தப் பெரிய வெள்ளங்களைவிட, வருடத்தில் நாலைந்து தடவை சத்தமில்லாமல் வந்து போகும் சின்ன வெள்ளமே குடும்பப் பெண்களை அதிகம் களைப்படையச் செய்கிறது. மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இடியோடு வரும் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அந்நேரம் ஆண்கள் கடையிலும் கந்தோரிலும் இருப்பார்கள். வீட்டில் இருப்பது மனைவியும், வயதான உம்மாவும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும். ஆகவே மோட்டர் வாங்குவது ஆண்களின் வேலையாக இருக்கலாம். அதை அறிந்து வைத்திருக்க வேண்டியவர் வீட்டிலிருப்பவரே. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் மனைவியுடையது. நான் இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் அவரிடம் கேட்டு எழுதியது.

குழியும் கணக்கும்

"சம்ப்" என்றதும் குழாய்த் தண்ணீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியை நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது முற்றத்தின் ஆகப் பள்ளமான மூலையில், மழைநீர் வந்து விழுவதற்கென்று வெட்டிய குழி. எங்களுடையது இரண்டடிச் சதுரம், மூன்றடி ஆழம். உள்ளே அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்று தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அதோடு வயரில் கட்டிய ஒரு மிதவை. நீர் உயரும்போது மிதவை மேலெழுந்து மோட்டரை இயக்கும். நீர் வடிந்ததும் கீழிறங்கி நிறுத்தும். நீர் குழாய் வழியாக மதிலைக் கடந்து கானுக்குப் போகும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 6 பேர்ச் காணி ஏறத்தாழ 150 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால், கூரையிலும் முற்றத்திலுமாக 7500 லீற்றர். அவ்வளவும் குழிக்கு வந்தால், நிமிடத்துக்கு 125 லீற்றர். எங்கள் குழி கொள்வதோ 340 லீற்றர்தான். மோட்டர் நின்றுவிட்டால் மூன்று நிமிடத்துக்குள் குழி நிறைந்து, அடுத்தது முற்றம், அதற்கடுத்தது வீடு. மழை வந்த பிறகு மோட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இருக்கும் அவகாசம் இந்த மூன்று நிமிடம்தான்.

ஒரு மாமியின் கேள்வி

எங்கள் வீட்டில் குழி வெட்ட மேசன்பாஸ் வந்த நாளன்று, ஒழுங்கை முனையிலிருந்து வயதான ஒரு மாமி வந்தார். எங்கள் ஒழுங்கை மறு வழியில்லாத ஒழுங்கை. அதன் ஆகப் பள்ளமான இடத்தில், பிரதான பாதைக்குக் கிட்ட, அவருடைய வீடு. அதற்கு முன்பே மேலேயுள்ள மூன்று வீடுகளில் மோட்டர் பூட்டியிருந்தார்கள். அவர் கேற்றடியில் நின்றபடியே கேட்டார்:

"மௌலவி, மழத்தண்ணி அல்லாஹ் தந்தது. அதுக்கு நான் சபூர் செய்வேன். மோட்டர்த் தண்ணிக்கு யாருக்கிட்டப் போய்ச் சொல்ற?"

நான் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரோடு நடந்து போய்ப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலுக்கு முன்னால் கான் குறுகி, மண் நிரம்பி, அதன் மேல் யாரோ பலகை வேறு போட்டிருந்தார்கள். மேலே மூன்று மோட்டரும் ஒரே நேரத்தில் இறைத்தால் அவ்வளவு நீரும் அந்த இடத்தில் முட்டி, அவருடைய வாசலால் உள்ளே போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மூன்று வீட்டாரும் கெட்டவர்களல்லர். தங்கள் முற்றம் காய்ந்ததைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள். தண்ணீர் மதிலைத் தாண்டியதும் அது தங்களுடைய தண்ணீர் அல்ல என்று நினைத்தவர்கள்.

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹ் படிக்கும்போது, சமாதான உடன்படிக்கை பற்றிய பாடத்தில் கூரைப் பீலி பற்றிய சட்டம் வரும். பொதுப் பாதையின் பக்கம் பீலி வைக்கலாம். அங்கே போவோர் வருவோருக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. மறு வழியில்லாத ஒழுங்கையென்றால் அதில் பங்குள்ளவர்களின் சம்மதமின்றி வைக்கக் கூடாது. மாணவப் பருவத்தில், பீலிக்குக்கூடவா இவ்வளவு சட்டம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மாமியின் கேள்வியைக் கேட்டபோது, அந்த இமாம்கள் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார்கள் என்று விளங்கியது. அக்காலத்தில் கூரைப் பீலி. இக்காலத்தில் மோட்டர்க் குழாய். கேள்வி ஒன்றுதான்: உன் வீட்டுத் தண்ணீர் யாருடைய வாசலில் விழுகிறது?

அந்த வாரமே ஒழுங்கைப் பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் பேசினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்களும் வாலிபர்களும் கானைத் தோண்டி மண்ணை அள்ளினோம். மாமி வீட்டு முன்பகுதியை அகலமாக்கி, கழற்றித் தூக்கக்கூடிய கொங்கிறீட் மூடிகள் போட்டோம். பாதை முனையிலுள்ள மதகை நகர சபை ஊழியர்கள் வந்து துப்புரவு செய்தார்கள். அதன் பிறகே எங்கள் மோட்டரைக் குழிக்குள் இறக்கினோம். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் மோட்டரைப் பரீட்சித்துப் பார்ப்பது மாமியின் வாசலில்தான் முடிவடையும்.

எப்போது, எப்படி?

வருடத்தில் இரண்டு தடவை. பெப்ரவரி இறுதியில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. பெருநாளுக்கு முன் வீடு கழுவுவதோடு சேர்த்துச் செய்தால் மறக்காது என்று ஒரு சகோதரி சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் நம்முடைய பிறைக் கணக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முந்திப் போகும். மழையோ சூரியக் கணக்கில் வருவது. ஆகவே இதற்குச் சுவரில் தொங்கும் கலண்டரே பொருத்தம்.

முதல் வேலை, பிளக்கைக் கழற்றுவது. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக் சுவரிலிருந்து வெளியே வர வேண்டும். அதன் பிறகே குழிக்குள் கை போகலாம். மோட்டரை அதில் கட்டியுள்ள கயிற்றைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வயரைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. வயர் உள்ளே நுழையும் இடத்தில் இறப்பர் இளகினால் அவ்வழியாக நீர் புகும். பிறகு அந்த மோட்டர் உதவாது என்பது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

மோட்டரின் அடியில் நீரை இழுக்கும் சல்லடை இருக்கிறது. எங்கள் வீட்டில் அதில் சிக்குபவை: மாவிலை, தும்பு, தலைமுடி, சொப்பிங் பேக் துண்டுகள். இவற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்கவேண்டும். குழியின் அடியில் படிந்த மண்ணைச் சிரட்டையால் அள்ளிவிட வேண்டும். மோட்டரை வெறும் மண்ணில் வைக்காமல் ஒரு கல்லின் மேல் வைத்தால் மண்ணை உறிஞ்சாது.

அடுத்தது மிதவை. மோட்டர்கள் நின்றுவிடுவதற்கு எங்கள் ஒழுங்கையில் நான் அதிகமாகக் கண்ட காரணம் இதுதான். மோட்டர் நன்றாக இருக்கும். மிதவை குழியின் சுவரிலோ குழாயிலோ மாட்டிக்கொண்டு மேலெழாது. கையால் தூக்கி இறக்கி, எந்தப் பக்கமும் தட்டாமல் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வயரையும் அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்க்க வேண்டும். குழிக்குள் டேப் சுற்றிய மூட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மோட்டருக்கான பிளக் பொயின்ற் 2016ஆம் ஆண்டின் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கையின் தீர்மானம்.

பிறகு மின்சாரப் பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அன்று வேறெதையும் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளையின் உயிரைக் காப்பது அந்தச் சின்னச் சுவிட்ச்தான்.

இப்போது தண்ணீர். பெயின்ற் வரும் 20 லீற்றர் வாளியால் எங்கள் குழிக்கு ஏழு வாளி ஊற்றினால் மிதவை எழும்பும். மோட்டர் தானாக இயங்கத் தொடங்கும். மகள் குழாயின் நுனியில் வெறும் வாளியைப் பிடிப்பாள். மகன் மணிக்கூட்டைப் பார்ப்பான். வாளி 10 செக்கனில் நிறைந்தால் மணித்தியாலத்துக்கு 7200 லீற்றர் போகிறது என்று அர்த்தம். மேலே சொன்ன மழைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. அதே வாளி 16 செக்கன் எடுத்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது மோட்டர் தேய்ந்துவிட்டது. என் மனைவி திகதியையும் செக்கனையும் சமையலறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வைக்கிறார். மோட்டர் களைத்துப் போவதை அந்தக் கதவு நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

நீர் வடிந்ததும் மோட்டர் தானே நிற்க வேண்டும். நிற்காமல் வெறுமனே ஓடினால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். இவ்வகை மோட்டரைக் குளிரவைப்பது அதைச் சுற்றியிருக்கும் நீர்தான். நீரில்லாமல் ஓடினால் கருகிவிடும். நின்றபின் குழாயில் இருந்த நீரெல்லாம் திரும்பக் குழிக்குள் விழுகிறதா என்றும் கவனியுங்கள். விழுந்தால், நீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு பழுதாகியிருக்கும்.

கடைசியாக, ஒரு பிள்ளை ஓடிப்போய் மாமியின் வாசலைப் பார்த்து வர வேண்டும். அங்கே கானில் நீர் தடங்கலின்றிப் போனால்தான் சோதனை முடிந்தது. இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலம் போதும்.

குழியில் மிஞ்சும் நீர்

எந்த மோட்டரும் குழியைத் துடைத்து எடுக்காது. அடியில் இரண்டு மூன்று அங்குல நீர் மிஞ்சும். அது நுளம்புக்குப் போதுமான வீடு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள் என்பதை மறக்கலாகாது. முட்டை நுளம்பாக மாற ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களே செல்லும். ஆகவே மழையில்லாத நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை அந்த நீரை அள்ளிவிட வேண்டும். அள்ளினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடியின் துளைகளுக்குக் கீழே நுண்ணிய வலை பூட்டுங்கள்.

குளியலறைத் தண்ணீரையோ மலசலக்குழியின் வழிதலையோ இந்தக் குழிக்கு ஒருபோதும் இணைக்காதீர்கள். இதையொட்டிச் சகோதரிகள் என்னிடம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: முற்றத்து வெள்ளம் பட்ட உடுப்போடு தொழலாமா? ஷாபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறையாத அதிக நீர், நஜீஸ் விழுந்ததனால் நிறமோ மணமோ சுவையோ மாறினாலன்றி அசுத்தமாகாது. மழை வெள்ளம் பெரும்பாலும் அந்த வகையில் சேரும். ஆனால் மார்க்கச் சட்டத்தில் சுத்தம் என்பதால் சுகாதாரத்துக்குக் கேடில்லை என்று ஆகிவிடாது. எலிக்காய்ச்சல் வெள்ள நீரிலும் சேற்றிலும் இருக்கிறது. காலிலுள்ள சின்னக் கீறல் வழியாகவும் புகும். குழியைத் துப்புரவு செய்யும்போது இறப்பர்க் கையுறையும் பூட்ஸும் அணியுங்கள். அதன் பின் காய்ச்சலும் உடல்நோவும் வந்தால், வெள்ளத்தில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மோட்டரால் முடியாத நாள்

மோட்டர் செய்வதெல்லாம் நீரை இங்கிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுவதுதான். அந்த இன்னோரிடமும் நிறைந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. கங்கை கரை மீறிவரும் நாளில் கானிலிருந்து நீர் நம் பக்கம் திரும்பும். அந்நேரம் இறைத்துக்கொண்டிருப்பது கடலை வாளியால் அள்ளுவது போல. 2025 நவம்பரில் கான் நிரம்பி நீர் மேலே தெரிந்ததும், என் மனைவி முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினார். உம்மாவையும் பிள்ளைகளையும் மாடிவீட்டு உறவினரிடம் அனுப்பினோம். மாமியையும் அவர்களோடு அழைத்துப் போனோம். நீர் வந்துவிட்ட வீட்டில் சுவிட்சைத் தேடி நீருக்குள் நடக்க வேண்டாம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் போடுவதென்றால் அது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, மூடிய அறைக்குள் ஆளைக் கொன்றுவிடும்.

வெள்ளத்தைத் தடுக்க நம்மால் முடியாது. ஏழு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியும். கானில் கிடக்கும் சொப்பிங் பேக்கை எடுத்துப்போட முடியும். அடுத்த வீட்டு வாசலைப் போய்ப் பார்க்க முடியும். நிலம் காய்ந்திருக்கும்போதே, பிள்ளைகள் வீட்டிலிருக்கும் ஒரு விடுமுறைக் காலையில் இதைச் செய்யுங்கள். வீட்டிலுள்ள ஆண்கள் உதவட்டும். ஆனால் எல்லாவற்றையும் நீங்கள் உங்கள் கையால் ஒருமுறையாவது செய்து பாருங்கள். மழை வரும்போது அவர்கள் வீட்டிலிருக்க மாட்டார்கள். பெய்யும் மழையை நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் பயனுள்ள மழையாக அல்லாஹ் ஆக்கி வைப்பானாக.